காலையில் கட்டிப்போட்டது

குரும்பகரத்து முத்தமிழ் காரைக்கால் கணினி மையமொன்றில் ஏழு வருடமாக ஊராரின் விண்ணப்பங்களை அனுப்புகிறவள். இன்று தங்கை பிரதீபாவின் நர்சிங் விண்ணப்பம். ஐந்து மணியோடு கடைசி. சான்றிதழ்ப் படங்களின் கோப்பு அளவைச் சுருக்கும் மென்பொருள் ஆமையாக ஊர்ந்தது.

"ஆறு நிமிஷந்தான்க்கா இருக்கு."

கணினிக்குள் என்ன நடக்கிறதென்று முத்தமிழ் திரையில் திறந்து பார்த்தாள். கணினியில் நான்கு செயலிகள், அதாவது வேலை செய்யும் நான்கு மூளைகள். எது ஓய்வாக இருக்கிறதோ அதற்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது இயங்குதளத்தின் பொறுப்பு. ஆனால் ஒன்று மட்டும் மூச்சுத் திணற, மூன்று சும்மா கிடந்தன.

காலையில் ஒருவரின் வீடியோ நேர்காணல் தடைபடக்கூடாதென்று, இந்த மென்பொருளை ஒரே செயலியோடு கட்டிப்போட்டவள் அவள்தான்.

"நாந்தாண்டி அவுக்க மறந்துட்டேன்."

கட்டை அவிழ்த்தாள். நான்கும் பாய்ந்து வேலை செய்தன. முடிந்தபோது ஐந்து மணி தாண்டி இரண்டு நிமிடம். விண்ணப்ப இணையதளம் மூடியிருந்தது.

பிரதீபா எழுந்து, பின்னால் காத்திருந்தவருக்கு நாற்காலியை விட்டாள்.