கறுப்புப் பூனைக்கு வீடு பார்த்த கதை

பூனைகளுக்கு வீடு பிடித்துக் கொடுப்பதில் எனக்கு தில்லி ஆர்.கே.புரத்தில் ஓரளவு பெயர் இருந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் மாற்றல் உத்தரவு வந்தால் ஃபிரிட்ஜையும் கூலரையும் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றுவார்கள். துளசித் தொட்டிக்குக்கூட அதில் இடம் இருக்கும். மூன்று வருஷம் பால் ஊற்றி வளர்த்த பூனைக்கு மட்டும் இருக்காது. அது பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனவர்களைத் திட்டிக்கொண்டே தூக்கி வந்து, தேற்றி, யார் தலையிலாவது கட்டிவிடுவேன்.

அதற்கு எனக்குத் துணை தில்லிக் குளிர். ஜனவரி ஞாயிறுகளில் குவார்ட்டர்ஸ் பெண்கள் புல்வெளியில் பாயும் கட்டிலும் போட்டு வெயில் காய்வார்கள். பட்டாணி உரிப்பதும் ஸ்வெட்டர் பின்னுவதும் அங்கேதான். நான் பேச்சுக் கொடுத்தபடியே பூனையை ஒரு மடியில் விட்டுவிடுவேன். வெயிலும் சால்வையும் சேர்ந்தால் ஐந்து நிமிஷத்தில் அது தூங்கிவிடும். தூங்குகிற பூனையை எழுப்ப யாருக்கும் மனசு வராது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் கடைசியில் இது என்ன சாப்பிடும் என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் காரியம் முடிந்த மாதிரிதான்.

இந்த வித்தை ஒரே ஒரு பூனையிடம் பலிக்கவில்லை. எதிர் பிளாக்கைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன பெண் பூனை. எலும்பும் தோலுமாக, ஒரு காது கிழிந்து, உடம்பெல்லாம் சொறியோடு வந்தது. ஒரு மாதம் மருந்து போட்டேன். புது ரோமம் பளபளவென்று வளர்ந்தது. அதுதான் வினையாகிவிட்டது. சாம்பல் நிறம் என்று நான் நினைத்திருந்த பூனை அட்டைக் கறுப்பு.

தமிழர், பஞ்சாபி, வங்காளி என்று எல்லாக் குடும்பங்களும் சகுன விஷயத்தில் காட்டிய ஒற்றுமையை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. "காலி பில்லியா, நா பாபா", கறுப்புப் பூனையா, வேண்டவே வேண்டாம் என்று பின்னல் ஊசியைத் தூக்கிக் காட்டினார்கள்.

என் வீட்டிலேயே அதற்கு எதிரி இருந்தார். என் கணவர் ஆபீஸ் போகும் சார்ட்டர்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அது குறுக்கே போகும். உடனே அவர் உள்ளே வந்து, ஷூவைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். பஸ் அவருக்காகக் காத்திருக்குமா? அந்த வாரம் மூன்று நாள் லேட்டாகி, ஆபீஸில் அவருடைய லீவில் கை வைத்துவிட்டார்கள். பார்த்தாயா, சகுனம் பலித்துவிட்டது என்றார் என்னிடம். சனிக்கிழமை தீர்ப்பு வந்தது.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லேன்னா சாக்குல போட்டு ரிங் ரோடுக்கு அந்தாண்ட விட்டுடுவேன்."

சொன்னால் செய்கிறவர். ரிங் ரோடு வண்டிகளுக்கு நடுவே அது ஒரு நாள் தாங்காது. ஞாயிறு காலை மூன்று பிளாக்கும் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில், சேலைக் கடையில் கேட்பதுபோல, வெள்ளையில் இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள்.

மத்தியானம் பூனையோடு வாசற்படியில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்க வந்த அம்மாவிடம் புலம்பித் தீர்த்தேன். அவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். கணவர் இறந்தபின் பக்கத்து ஜுக்கிக் குடிசையில் தனியாக இருந்தார். ஐந்து வருஷமாக எங்கள் வீட்டில் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூனையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தானே வளர்ப்பதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சகுனம் ஒன்றும் பார்க்க மாட்டாயா என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"என்னை எதிர்ல பார்த்தா ஆவாதுன்னுதானேம்மா, சார் கிளம்பின பின்னாடி வரச் சொன்னீங்க? நானும் இதுவும் ஒண்ணுதான்."

கோபமே இல்லாமல், பூனையின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே சொன்னார். அந்த நேரத்தை வைத்தது நான்தான். காலையில் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்று அப்போது ஏதோ காரணம் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும்விட்டேன். பூனையை ஒதுக்குகிறார்களே என்று ஊரெல்லாம் சண்டை போட்டவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நாளையிலிருந்து ஏழு மணிக்கே வந்துவிடு என்றேன்.

"ஏழு மணிக்கு வேற வீடு புடிச்சிட்டேம்மா," என்றார். "அந்த வீட்டு சார் எனக்குக் கதவைத் தெறந்துவிட்டுட்டுத்தான் தினம் ஆபீஸ் போவார்."

பிறகு, வேலை முடிந்து போகும்போது தூக்கிக்கொள்வதாகச் சொல்லி பூனையை இறக்கிவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போனார்.