இசக்கியம்மா வாங்காத அட்டை

எங்கள் தெருவில் மட்டும் இசக்கியம்மா என்ற பேரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பால் இசக்கியம்மா, மேலவீட்டு இசக்கியம்மா, மில்லில் வேலை பார்த்த இசக்கியம்மா. நான் சொல்லப் போவது இலைக்கட்டு இசக்கியம்மாவைப் பற்றி. விக்கிரமசிங்கபுரத்தில் கல்யாண வீடு, சடங்கு வீடு, ஓட்டல் என்று எங்கே வாழையிலை வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னே தோட்டத்துக்குப் போய் இலை அறுத்து, கட்டாகக் கட்டி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். சைக்கிளில் ஏறி ஓட்டத் தெரியாது. தள்ளியே பழக்கம்.

கிழிந்த இலையைக் கட்டுக்கு நடுவில் ஒளித்து வைக்கிற வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. இவள் செய்யமாட்டாள். "சாம்பார் ஒழுகி ஒருத்தன் வேட்டியில வழிஞ்சா அவன் என்னையில்லா வைவான். அது நமக்கு எதுக்கு?" என்பாள். அப்படிப் பயந்த ஆள். அவள் புருஷன் முத்துமாலை மில்லில் இருந்து நின்றுவிட்டவர். கண்ணில் அறுவை செய்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

அமாவாசைக்கு இலை வாங்க நான் போயிருந்த அன்றுதான் மோட்டார் சைக்கிளில் ரெண்டு பேர் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"இசக்கியம்மாங்கறது யாரும்மா?"

"நான்தான்யா. எத்தனை இலை வேணும்?"

"இலை வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கி வசூல் பண்ண வந்திருக்கோம். மாசக்கணக்கா கட்டாம இருக்கீங்க."

இசக்கியம்மா சிரித்தாள். "வேற இசக்கியம்மாவா இருக்கும்யா. இங்கன நெறைய பேரு இருக்கோம்லா."

அவர்களில் உயரமானவன் செல்போனைப் பார்த்து வாசித்தான். புருஷன் பேர் முத்துமாலை. பிறந்த வருஷம், தெருப் பேர், ஆதார் எண். இவள் உள்ளே ஓடிப்போய் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த தன் ஆதார் அட்டையை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தாள். அவன் மறுபடி வாசிக்க, நான் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப நீங்கதானம்மா வாங்கியிருக்கீங்க" என்றான் அவன்.

"அப்படியா மைனி?" என்று இசக்கியம்மா என்னைக் கேட்டாள்.

என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல? கோயம்புத்தூரில் ஒரு கடையில் பெரிய டிவியும் செல்போன்களும் அந்த அட்டையை வைத்து வாங்கியிருப்பதாக அவன் சொன்னான். திருச்செந்தூரைத் தாண்டி எங்கேயும் போகாதவள் இவள். முத்துமாலை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏளா, டிவிய எங்க வச்சிருக்க?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வந்தவர்கள் ஒரு கெடு சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் என்னவோ ஆள் மாறாட்டம் என்று இருந்துவிட்டோம். குழுக் கடன் நின்றபோதுதான் விஷயம் பெரிதானது.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு மகளிர் குழு வைத்திருக்கிறோம். கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடப் பெரிய அண்டா, கரண்டி, தார்ப்பாய் எல்லாம் வாங்கலாம் என்று பாங்கில் கடன் கேட்டிருந்தோம். அம்மன் கோயில்களில் கொடை தொடங்குவதற்குள் கைக்கு வந்தால் நல்ல வரும்படி. பாங்க் அதிகாரி திருஞானசம்பந்தம் ஐயா எங்களைக் கூப்பிட்டு, "உங்க குழுவுல ஒருத்தர் பேர்ல பெரிய பாக்கி நிக்குது. அது தீரணும், இல்லன்னா அந்தப் பேரை நீக்கிட்டு எழுதிக் கொடுங்க. மத்தவங்களுக்கு உடனே தந்துடலாம்" என்றார்.

எல்லோரும் இசக்கியம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். தலைவி பிரேமலதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏளா, போன மாசம் சந்தாவுக்கு நாளைக்குத் தாறேன்னு என்கிட்ட நின்ன. அங்க பெரிய டிவி வாங்கியிருக்க!"

"நான் எங்கக்கா வாங்கினேன்?"

"பின்ன உன் பேர்ல நானா போயி வாங்கினேன்?"

திருஞானசம்பந்தம் ஐயா நல்ல மனுஷன். "சத்தம் போடாதீங்கம்மா. இவங்க விவரத்தை எடுத்து வேற யாரோகூட வாங்கியிருக்கலாம். இப்பல்லாம் நடக்குது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுன்னு ஒரு நம்பர் இருக்கு, அதுக்கு போன் போட்டுச் சொல்லுங்க. பாளையங்கோட்டைக்குப் போய் சைபர் கிரைம் போலீஸ்ல எழுதியும் கொடுங்க" என்றார்.

மறுநாள் நானும் அவளும் பஸ் ஏறினோம். சேரன்மகாதேவி தாண்டும்போது அவள், "மைனி, அவ எப்படி இருப்பா?" என்று கேட்டாள்.

"எவ?"

"என் பேர்ல வாங்கினவ."

ஆம்பிளையாகக்கூட இருக்கலாம் என்றேன். அதைக் கேட்டு இன்னும் குழம்பிப் போனாள்.

அங்கே எங்களை விசாரித்தது ஹெப்சிபா என்ற பெண் போலீஸ். சின்ன வயது, பொறுமையான பிள்ளை. "ஆதார் ஜெராக்ஸ் எங்கெங்க கொடுத்திருக்கீங்கம்மா? யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

"ரேஷன் கடையில, கேஸ் சிலிண்டருக்கு, சிம்முக்கு, குழுவுக்கு, எங்க வீட்டுக்காரவுக கண்ணாஸ்பத்திரியில. அப்புறம் மில்லு முன்னால குடை போட்டு உக்காந்து பிளாஸ்டிக் வாளி சும்மா கொடுத்தானுவ. அங்கன ஜெராக்ஸும் கொடுத்து ரேகையும் வச்சேன்."

"வாளிக்கா ரேகை வச்சீங்க?"

"நல்ல வாளிம்மா. இன்னும் ஒடையல்ல."

"வேற யார்கிட்டயாவது?"

"அம்மன்கிட்ட."

"யாரு அவங்க? எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ் இல்லம்மா. சாமி. ஆத்தங்கரை இசக்கியம்மன்."

அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டது. இசக்கியம்மா விளக்கிச் சொன்னாள். எங்கள் ஆற்றங்கரைக் கோயிலில், வேண்டுதலை ஒரு சீட்டில் எழுதி மஞ்சள் கயிற்றால் சூலத்தில் கட்டுவார்கள். தன் மகளுக்குக் குழந்தை வேண்டும் என்று இவள் பேர் மட்டும் எழுதிக் கட்டினாள். ஆனால் பால் இசக்கியம்மாவின் மருமகள் உண்டாகிவிட்டாள்.

"அம்மனைக் குத்தம் சொல்லக் கூடாதும்மா. ஒரே தெருவுல இத்தனை இசக்கியம்மா இருந்தா அதுவும் என்ன செய்யும்? அதான் இவுக கண்ணுக்கு வேண்டும்போது ஆதார் ஜெராக்ஸையே கட்டிட்டேன். பின்னால போன் நம்பரும் எழுதினேன். கண்ணு நல்லபடியா ஆயிட்டுல்லா."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நானும் சிரிக்கத் தகுதியானவள் இல்லை. அவள் சொல்லிக் கேட்டு நானும் ஒரு ஜெராக்ஸ் கட்டியிருந்தேன். தெருவில் பாதிப் பேர் கட்டியிருந்தோம்.

ஹெப்சிபா சிரிக்கவில்லை. "எங்க இருந்து போச்சுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. வாளி கொடுத்த இடமா இருக்கலாம், கோயிலா இருக்கலாம், வேற எங்கயும் இருக்கலாம். யாராவது செல்போன்ல படம் பிடிச்சிருந்தாலே போதும். இனிமே ஜெராக்ஸ் கொடுத்தா, எதுக்குக் கொடுக்கீங்கன்னு அது மேலேயே குறுக்க எழுதி, தேதி போட்டுக் கொடுங்க. நம்பரை மறைச்ச ஆதாரும் எடுத்துக்கலாம். போன்ல வர்ற ரகசிய நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. ரேகையைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கு, தேவைன்னா திறந்துக்கலாம்."

இசக்கியம்மா தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாழைக்கறை ஏறிக் கறுத்துப் போன விரல். "இதைப் பூட்டவா?" என்றாள் மெல்லிய குரலில்.

கடைசியில் ஹெப்சிபா, "சரி, புகாரோட சேர்க்க ஒரு ஆதார் ஜெராக்ஸ் கொடுங்க" என்றாள்.

இசக்கியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் களவாண்டுட்டாவன்னு சொல்லுததுக்கும் அதே சீட்டுத்தான் கேக்காவளா மைனி?"

நான் அதன் மேல் குறுக்காக, 'போலீஸ் புகாருக்கு மட்டும்' என்று எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதித் தேதியும் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவள் கை என் கையை விட்டது.

ஊருக்கு வந்ததும் நேரே கோயிலுக்குப் போனோம். அவள் கட்டிய ஜெராக்ஸ் சூலத்தில் அப்படியே இருந்தது. மழையில் நனைந்து காய்ந்து, முகம் கறுப்பாக, யார் முகமாகவும் இருக்கலாம் என்பது போல இருந்தது.

"பாருங்க மைனி, இருக்கு! களவு போனா பொருள் இருக்காதுல்லா?"

"செல்போன்ல படம் பிடிச்சிருந்தாலே போதும்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சே."

"எடுக்காமலே எடுத்துட்டுப் போயிருக்கானா?" அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்படின்னா இன்னும் எத்தனை பேருகிட்ட நான் இருக்கேனோ."

சாமிக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாமா என்று அவளுக்குத் தயக்கம். பூசாரியிடம் கேட்டோம். "அம்மன் படிச்சு முடிச்சாச்சு. அவுத்துக்கோ" என்றார். என்னுடையதையும் தேடி அவிழ்த்தேன். ரெண்டையும் கற்பூரத் தட்டில் போட்டு எரித்துவிட்டோம்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். குழுக் கூட்டத்தில் போலீஸ் கொடுத்த ரசீதைக் காட்டினோம். பாக்கியை மறுத்துப் பாங்குக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று, விசாரித்து முடித்தால்தான் பேர் சுத்தமாகும், மாதங்கள் ஆகலாம் என்று சொன்னோம். பிரேமலதா ரசீதைத் தொடக்கூட இல்லை.

"போலீஸ்ல யாரும் போயி எழுதிக் கொடுக்கலாம். அந்தக் கார்டை நான் வாங்கல்லன்னு அம்மன் முன்னால கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். பண்ணினா பேரு இருக்கட்டும், நாம காத்திருப்போம். இல்லன்னா பேரை வெட்டிட்டுக் கடனை வாங்குவோம். கொடை நமக்காக நிக்காது."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். இசக்கியம்மா தலையைக் குனிந்துகொண்டு, "நான் பண்ண மாட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான், கூட்டம் கலைந்து போயிற்று. "பார்த்தியளா!" என்று பிரேமலதா கையைத் தட்டினாள். இருந்த கொஞ்ச நம்பிக்கையும் எல்லோருக்கும் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அவளைக் கோபித்துக்கொண்டேன். "வாங்காதவளுக்குச் சத்தியம் பண்ண என்ன கேடு?"

அவள் சைக்கிளை நிறுத்திவிட்டாள். "மைனி, நான் எங்கெல்லாமோ ரேகை வச்சிருக்கேன். இங்க வையின்னா வச்சேன், அங்க வையின்னா வச்சேன். அதுல ஒண்ணு இந்தக் கார்டுக்கா இருந்தா? தெரியாம வச்சாலும் வச்சது நான்தான்லா. அம்மன் முன்னால வாங்கல்லன்னு சொல்லிட்டு, அது பொய்யாப் போச்சுன்னா? எம்மவ இப்பத்தான் உண்டாயிருக்கா."

அவள் சொன்னது சரியா தப்பா என்று கோயிலில் நின்று நானும் கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் புலப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளாகவே எங்களையெல்லாம் கோயிலுக்குக் கூப்பிட்டாள். ஆற்றில் முங்கி, ஈரச்சேலையோடு வந்து நின்றாள். கற்பூரம் எரிந்தது. சத்தமாகச் சொன்னாள்.

"தாயே, அந்தக் கார்டை நான் கண்ணால கண்டதில்ல. அதுல வாங்கின ஒரு சாமானையும் தொட்டதில்ல. அதுக்காக நான் எங்கயும் ரேகை வச்சேனா, வைக்கல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லல்ல."

உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தாள். கை சுட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பின்னால் ஒருத்தி, "இது என்னளா, பாதிச் சத்தியம்?" என்று மெல்லச் சொல்ல, ரெண்டொருத்தர் சிரித்துவிட்டார்கள். பிரேமலதா சிரிக்கவில்லை. "கூட்டத்துல பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போனாள்.

அந்த வாரக் கூட்டம் பிரேமலதா வீட்டில். இசக்கியம்மா உள்ளே வராமல் வாசல் நடையில் நின்றாள். பேரை வெட்டிய தாளில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று நானும் நினைத்தேன்.

பிரேமலதா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவ சொன்னதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. என்னை நிறுத்திச் சத்தியம் பண்ணச் சொன்னா நான் என்ன சொல்லுவேன்? பாங்குல போடச் சொன்ன இடத்துலல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கேன். படிச்சா பார்த்தேன்? உங்கள்ல யாராவது படிச்சியளா?"

அவளே தொடர்ந்தாள்.

"இன்னைக்கு இவ பேரை வெட்டுவோம். நாளைக்கு எவனாவது என் பேர்ல ஒரு கார் வாங்கினான்னா, என்னையும் வெட்டுவிய."

"நீங்க வாங்கினாலும் வாங்குவிய, யக்கா" என்று ஒருத்தி சொல்ல, "சும்மா கெடளா" என்று பிரேமலதா அதட்டினாள். இந்தக் கொடைக்கு அண்டா கிடையாது, வருகிற வரும்படி போகட்டும், பாங்கில் இவள் பேர் சுத்தமாகிறவரை காத்திருக்கலாமா என்று கேட்டாள். ஒருத்தி முணுமுணுத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். அது இரக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் மனதில் ரெண்டும் இருந்தன.

இசக்கியம்மா நடையிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு பிரேமலதாவைப் பார்த்தாள்.

"அப்போ நான் குழுவுல இருக்கேனா, இல்லையா?"

"இருக்க. உள்ள வந்து உக்காருளா, காத்தை மறைச்சுக்கிட்டு நிக்க."