பத்து நிமிடக் கைகள்

எழுபத்திரண்டு நிறப் பென்சில்கள் அடங்கிய ஒரு தகரப் பெட்டி என் மேசை இழுப்பறையில் இருந்தது. எழுபத்திரண்டும் ஒரே உயரம். ஒன்றின் முனைகூடத் தேயவில்லை. புதுப்பட்டினத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் எனக்கு வரவேற்பு மேசை வேலை. ஒரு மதியம் ஏதோ ரசீதைத் தேடி என் இழுப்பறையைத் திறந்த லேப் அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார். "இன்னாடி, ஸ்டேஷனரி கடை வெக்கப் போறியா?" என்றார். படம் வரையத்தான் என்றேன். "எங்க, வரஞ்சத காட்டு." "இன்னும் ஆரம்பிக்கலக்கா." அக்கா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பெட்டியைப் பதமாக மூடி வைத்துவிட்டு ரத்தம் எடுக்கப் போய்விட்டார்.

என் பைத்தியம் அப்போது நன்றாக முற்றியிருந்தது. வரைய வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் நல்ல தாள் இல்லாமல் எப்படித் தொடங்குவது? தாள் வந்ததும் அந்தத் தாளுக்கு ஏற்ற பேனா வேண்டும். பேனா வந்ததும் கைபேசியில் ஒரு காணொலி பார்ப்பேன். அதில் ஒருவர் வேறொரு பேனாவைப் புகழ்வார். இப்படியே வீட்டில் மூன்று இழுப்பறை நிறைந்துவிட்டது. கணினியோடு இணைத்து வரையும் பலகையில் திரை உள்ளது நல்லதா, திரை இல்லாதது நல்லதா என்று இரண்டு மாதம் ஆராய்ந்தேன். பிறகுதான் எங்கள் வீட்டில் கணினியே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

இணையத்தில் வரைபவர்களின் குழுக்களையும் இப்படித்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றில் எதைப் போட்டாலும் 'சூப்பர்', கூடவே ஒரு பூங்கொத்து. இன்னொன்றில் வகுப்பில் சேரச் சொல்லி ஓயாத நச்சரிப்பு. மூன்றாவதாகச் சேர்ந்த குழுதான் மனதுக்குப் பிடித்தது. ஊரப்பாக்கம், படூர், செங்கல்பட்டு என்று அக்கம்பக்கத்து ஆட்கள், பொழுதுபோக்காக வரைகிறவர்கள். அங்கே படம் போட்டால் கீழே மூன்று வரி எழுதியாக வேண்டும்: எவ்வளவு நேரம் ஆனது, எதனால் வரைந்தது, வரைந்தவர் கண்ணுக்கே தெரிகிற தவறு ஒன்று. அந்த மூன்றாவது வரியால் யாரும் அலட்டிக்கொள்ள முடியாது. நான் படமே போட்டதில்லை. ஆனால் எந்தத் தாளில் மை ஊறும், எந்த ரப்பர் தாளைக் கிழிக்கும் என்று யார் கேட்டாலும் உடனே பதில் சொல்வேன். 'கருவி அக்கா' என்று பெயர் வந்துவிட்டது. நாள் முழுக்க டோக்கன் கிழித்துக் கொடுக்கிறவளுக்கு அந்தப் பெயர் எவ்வளவு இனித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

லேப் அக்கா வரைவார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. அவருக்குத் திருக்கழுக்குன்றம் பக்கம், விவசாயக் குடும்பம், என்னைவிட நாலு வயது மூப்பு. எடுத்த ரத்தத்தை மெஷினில் வைத்துச் சுழலவிட்டால் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம்தான் அவருடைய நேரம். அச்சுப் பிசகிய தாள்களின் பின்பக்கம், பரிசோதனை நோட்டில் எழுதுகிற அதே நீல பால்பாயிண்ட் பேனாவால் வரைவார். மெஷின் கத்தினால் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்திவிடுவார். அடுத்த சுற்றில் அதைத் தொடமாட்டார், புதிதாகத் தொடங்குவார். வரைவதெல்லாம் கைகள் மட்டும்தான். ஏன் என்று கேட்டேன். "காலைலேந்து கையதான பாத்துகினு கீறேன்? மூஞ்சிய பாத்தா எனக்கு ஊசி குத்த வராதுடி" என்றார். மீன் செதில் ஒட்டிய கை, வளையல் இறுகிய கை, விடாமல் மடக்கிக்கொண்ட ஒரு குழந்தையின் விரல்கள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பொறாமைதான் முதலில் வந்தது, வியப்பு அதற்குப் பிறகுதான்.

அந்த நேரம் பார்த்துக் குழுவின் நிர்வாகி, ஊரப்பாக்கத்துக்காரர், ஓர் அறிவிப்பு போட்டார். இதுவரை ஒரு படமும் போடாதவர்கள் வரும் ஞாயிற்றுக்குள் ஒன்றாவது போட வேண்டும், இல்லாவிட்டால் நீக்கப்படுவார்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஞாயிறு மாலை வரை வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு உயர்ந்த தாளில் கோடு போட மனம் வரவில்லை. கடைசியில், பிடித்திருக்கிறது என்று அக்காவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரு படத்தை என் படமாகப் போட்டுவிட்டேன். ஒரு பெரியவரின் வலது முழங்கை மடிப்பில் பஞ்சு, அதை அழுத்திப் பிடித்த இடது கை. நேரம், பத்து நிமிடம் என்று எழுதினேன். கருவி என்ற இடத்தில் தயங்கினேன். கருவி அக்கா போயும் போயும் பால்பாயிண்டில் வரைந்தாள் என்றால் மானம் என்னாவது? என் இழுப்பறையில் தூங்கிய ஒரு ஜப்பான் பேனாவின் பெயரை எழுதினேன். தவறு, இடது கட்டைவிரல் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது.

அன்றைக்குக் குழுவே கொண்டாடியது. செவ்வாய்க்கிழமைக்குள் நாலு பேர் அந்த ஜப்பான் பேனாவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை, படூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை எழுதினார்: "அக்கா, உங்கள் கோடு ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் அழுத்தமாக வருகிறது. எனக்கு ஒரே தடிமனாகத்தான் வருகிறது. பேனாவை எப்படிப் பிடிக்க வேண்டும்?" தலைகீழாக நின்றாலும் அந்தப் பேனாவில் அப்படி வராது. அழுத்தினால் அடர்வதும் விட்டால் மெலிவதும் பால்பாயிண்டின் குணம். இதைக் குழுவில் பலருக்கு விளக்கியவளே நான்தான். வெள்ளிக்கிழமை நிர்வாகி இன்னொரு அறிவிப்பு போட்டார். ஞாயிறு காலை எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறோம், கருவி அக்கா நம் முன்னால் ஒரு கை வரைந்து காட்டுவார்.

சனிக்கிழமை, மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது, அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கைபேசியைக் காட்டினேன். தன் படத்தை என் பெயரில் போட்டதற்குத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அக்கா மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "தப்பா? இதுல இன்னா தப்பு? அவுரு மாமல்லபுரத்துல கல்லு கொத்துறவரு. காலமெல்லாம் உளிய புடிச்சிகினு சுத்தியால அடி வாங்கின வெரலு. அது அப்டிதான் கீது. நீ அந்தக் கைய பாத்தியா, இல்ல டோக்கன் மட்டும் குடுத்தியா?"

அவருக்கு டோக்கன் கொடுத்தது நான்தான். அந்தக் கை நீண்டுதான் வாங்கியிருக்கும். எனக்கு நினைவே இல்லை.

"பேரு போனா போவுது. பாக்காமயே தப்புன்னு எழுதிட்டியே" என்று அக்கா திரும்பிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் என்னோடு உட்காரவில்லை. குழு போனால் இன்னொரு குழு கிடைக்கும். ஆறு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து, டப்பாவை மாற்றிச் சாப்பிட்ட ஆள் போனால் நான் எங்கே தேடுவேன்? அன்று முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டுதான் டோக்கன் கொடுத்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது அக்காவே வந்து நின்றார். "நாளைக்கு எத்தினி மணிக்குடி? நானும் வரேன். நீ சொல்றியா இல்லியான்னு பாக்கணும்."

மாமல்லபுரத்தில் சவுக்கு நிழலில் பாய் விரித்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். "அந்தப் படம் இவங்க வரஞ்சது. பேனா நான் சொன்ன பொய். அந்தத் தப்பும் தப்பே இல்ல." படூர் ஆசிரியை கையிலிருந்த புதுப் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் கடலில் போய் இறங்கிவிடலாம் போலிருந்தது. பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். "அப்பாடா, அப்போ கோளாறு என் கையில இல்ல!" அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நிர்வாகி நல்ல மனிதர், ஆனால் விதி விதிதான் என்றார். இன்றைக்குள் நானே வரைந்த படம் ஒன்று வர வேண்டும். அக்காவை வரையச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள். "மொதல்ல இவ வரையட்டும்" என்று அக்கா நீலப் பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு, தன் இடது கையைப் பாயில் வைத்தார். கைபேசியில் பத்து நிமிடம் அலாரம் வைத்தார். "மிஷினு சுத்திகினு கீதுன்னு நெனச்சுக்கோ."

பத்து நிமிடம் அவ்வளவு நீளமானது என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்பிரிட் பட்டுப் பட்டு வெளுத்த விரல் முட்டிகள். கையுறை இறுகி மணிக்கட்டில் விழுந்த வளையம். சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நான் அதைப் பார்த்ததில்லை. அலாரம் அடித்தபோது தாளில் இருந்தது கையா இஞ்சியா என்று எனக்கே சந்தேகம். இருந்தாலும் அப்படியே படமெடுத்துப் போட்டேன். கருவி, இரவல் பால்பாயிண்ட். தவறு, எழுத இடம் போதாது.

லேப் அக்கா இப்போது படூரில் ஒரு பெரிய லேபில் இருக்கிறார். அங்கே மெஷின்கள் ஓய்வதே இல்லையாம், அதனால் பஸ்ஸில் போகும்போது வரைகிறார். நான் ஞாயிறுதோறும் ஒரு படம் போடுகிறேன். எந்தப் பேனா வாங்கலாம் என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் உட்கார முடியும் உங்களால், என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் அதோடு போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்குப் பேனா பற்றி மணிக்கணக்கில் பேசுகிறேன், அந்தக் குணம் மட்டும் போகவில்லை. அந்த இஞ்சிப் படத்தை நான் இன்னும் நீக்கவில்லை. அன்றைக்குக் கடற்கரையிலேயே குழுவில் சேர்ந்த அக்கா எழுதிய முதல் பின்னூட்டம் அதன் கீழே இருக்கிறது: "வெரலு அஞ்சும் கீது. சுண்டுவெரல பாத்துட்ட."