சூட்கேஸில் கொண்டுபோன மூளை

மெல்போர்னில் நான் குடியிருக்கும் புறநகரில், செத்த வண்டிகளுக்கென்று ஒரு மைதானம் இருக்கிறது. உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும். வரிசையாக நிற்கும் வண்டிகளில் நமக்கு வேண்டிய உறுப்பை நாமே கழற்றி, வாசலில் காட்டிப் பணம் கட்டிவிட்டு வரலாம். ஏன் எதற்கு என்று கேட்பாரில்லை. 'இருங்க அண்ணாச்சி' என்று ஸ்டூலை நகர்த்திப் போடுவாருமில்லை. இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடமாகியும், அந்த மயானத்துக்குள் டிக்கெட்டோடு நுழையும்போது யாரிடமாவது துக்கம் விசாரிக்க வேண்டும் போலிருக்கும்.

கடைசியாக நான் அங்கே தேடிப் போனது, நம் நாட்டில் செய்து கப்பலில் இங்கே வந்த ஒரு பழைய பிக்கப்பை. இங்கே அதை 'யூட்' என்பார்கள். ஆட்டுப் பண்ணையில் உழைத்து ஓய்ந்தது. தென்காசியில் என் தம்பி இசக்கிமுத்து ஓட்டுவதும் அதே வண்டி, அதே வருடத்து மாடல். டேஷ்போர்டுக்குக் கீழே, டிரைவரின் கால்பக்கம், சோப்பு டப்பாவைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பெயர். விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு எல்லாம் அது சொன்னால்தான் வேலை செய்யும். போட்ட சாவி சரியான சாவிதானா என்று பார்த்து, வண்டியைக் கிளப்ப அனுமதி தருவதும் அதுதான். தம்பியின் வண்டியில் அது செத்துப்போயிருந்தது.

இயற்கை மரணமில்லை. ஆயுத பூஜைக்கு முதல்நாள் இசக்கி வண்டியைக் குளிப்பாட்டியிருக்கிறான். கதவைத் திறந்து, கால்மிதியை வெளியே போட்டுவிட்டு, மோட்டார் பைப்பை உள்ளேயும் விட்டுப் பீய்ச்சியிருக்கிறான். நான் போனில் கத்தியதற்கு, "சாமி கும்பிடுத வண்டிய உள்ள அழுக்கோடயா வைக்கச் சொல்லுத?" என்றான். எனக்குக் கத்த அருகதை கிடையாது. அப்பாவின் டெம்போவைச் சிற்றாற்றுக்குள் முக்கால் சக்கரம் முங்க இறக்கி, அவன் கையில் வாளியைக் கொடுத்து, சீட்டுக்கு அடியில் ஊற்றுடா என்று பழக்கியவனே நான்தான். அந்த டெம்போவில் நனைந்தால் கெட்டுப்போகக்கூடியது அப்பாவின் பீடிக்கட்டு மட்டுமே. இந்த வண்டியோ, பொட்டும் மாலையுமாக எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்ட நான்காம் நாள், மழையில்லாமல் வைப்பரை ஆட்டியது. ஆறாம் நாள் தானாக ஹாரன் அடித்தது. பத்தாம் நாள், சாவி யாருடையதென்றே தெரியவில்லை என்று படுத்துவிட்டது.

இசக்கியின் பிழைப்பு, கேரள எல்லையிலுள்ள புளியறைக்கு அந்தப் பக்கமிருந்து நேந்திரங்காய் ஏற்றிவந்து, குற்றாலத்தில் சிப்ஸ் போடும் எட்டுக் கடைகளுக்கு இறக்குவது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார் கூட்டம். அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சிப்ஸ் வாங்காமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. அந்த இரண்டு மாதத்தில் காய் தவறினால் கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடிப்பார்கள்; பிடித்த ஆளைப் பிறகு விடமாட்டார்கள். புதுப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தால் ஐந்து வாரத்தில் வரும் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். அவன் கொடுக்கத்தான் இருந்தான். நான்தான் தடுத்தேன். "ஆர்டர் ஒண்ணும் போடாதலே. நான் வரும்போது கொண்டாரேன்." வெளிநாட்டில் இருப்பவனுக்கு ஊருக்குப் போகும்போது எதையாவது கொண்டுபோகாவிட்டால் தான் யாரென்றே தெரியாது. தைலம், டார்ச் லைட், சாக்லெட் எல்லாம் கொடுத்து அலுத்த கையோடு, இந்தத் தடவை ஒரு வண்டிக்கு மூளையையே கொண்டுபோகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைதானத்து வாசலில் இருந்தவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது அந்த வண்டியின் நம்பரோடு பூட்டப்பட்டது, கோடிங் செய்யாமல் வேறு வண்டியில் வேலை செய்யாது என்றான். நான் 'நோ வொர்ரீஸ்' என்றேன். புரியாததற்கும், புரிந்துகொள்ள விருப்பமில்லாததற்கும் இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட ஒரே பதில். இவனுக்கு வழி தெரியும் என்று அவன் நினைத்தான். இவனுக்கு எங்கள் ஊர் மெக்கானிக்குகளைத் தெரியாது என்று நான் நினைத்தேன். இருவரும் சிரித்துப் பிரிந்தோம்.

கார்த்திகை நடுவில் ஊர் போய்ச் சேர்ந்து, தென்காசியில் பெட்டியை மாட்டியதும் விளக்கெல்லாம் எரிந்தது. ஹாரன் கேட்டது. சாவியைத் திருகினால் மட்டும் என்ஜின் அசையவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டை கட்டிய இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, இது ஆஸ்திரேலியாவில் ரிஜிஸ்டர் ஆன வண்டியின் பெட்டி என்றார். உங்கள் கம்பெனி இங்கே செய்து அனுப்பியதுதானே என்று கேட்டேன்.

"செஞ்சது நாமதான் சார். ஆனா எக்ஸ்போர்ட் ஆயிட்டு. சிஸ்டம் திரும்ப எடுக்காது."

எனக்கு வந்த கோபம் இப்போது எழுதும்போதும் ஆறவில்லை. தவணை கட்டி முடித்து, தன் பெயரில் ஆர்.சி. புத்தகம் வைத்திருக்கும் ஒருவனுக்கு, தன் சாவியால் தன் வண்டியைக் கிளப்ப எங்கோ இருக்கும் ஒரு சிஸ்டத்தின் சம்மதம் வேண்டுமாம். அது நம்பாதாம். இது வியாபாரமா, ஜமீனா? ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் என்னைவிட நல்ல ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பைத் தவிர அவர்களிடம் வேறெந்த ஸ்பேர் பார்ட்டும் ஸ்டாக் இல்லை. இசக்கி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பும் வழியில், ஆலங்குளம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னான்:

"அன்னைக்கே ஆர்டர் போட்டிருந்தா போன வாரமே வந்திருக்கும்ணே."

அதற்குப் பதில் அவன் என்னைத் திட்டியிருக்கலாம். வாடகை வண்டியில் அவன் சமாளித்துக்கொண்டிருக்க, அதற்குள் புளியறைக்காரன் ஒருவன் மூன்று கடைகளுக்குக் காய் இறக்கத் தொடங்கியிருந்தான்.

கடைசியில் வழி சொன்னது, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஹ்மத் என்ற பெண். ஊரின் ஆட்டோ எலெக்ட்ரீசியன்கள் இந்த மாதிரிப் பெட்டிகளை அவளிடம்தான் கொண்டுபோகிறார்களாம். பழைய பெட்டி எங்கே என்று கேட்டாள். திறந்தால் பலகை முழுக்கப் பச்சைக் களிம்பு. நடுவில் உளுந்தளவு சில்லு ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தது.

"இதுலதான் அண்ணாச்சி வண்டி நம்பரு, சாவி நம்பரு எல்லாம் கெடக்கு. இதக் கழத்தி அந்தப் பெட்டில ஒட்டிட்டா, அது தன்னத் தென்காசின்னு நெனச்சிக்கிடும்." ஈயம் இளகச் சூட்டுக் காற்றை அடித்துக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்: "இத அங்கனயே கேட்டுருக்கலாம்லா? அங்க ஆளு இல்லியா?"

இருப்பார்கள், எனக்கு யாரையும் தெரியாது என்றேன்.

"பதினேழு வருசமா இருக்கீய," என்றாள். கேள்வியாகக்கூடச் சொல்லவில்லை.

மாட்டியதும் வண்டி முதல் திருகலில் கிளம்பியது. மறுநாள் விடிய நேந்திரங்காய் ஏற்றி, நானும் முன்சீட்டில் உட்கார்ந்து குற்றாலம் போனோம். ஐந்து கடைகள் பழையபடி இறக்கிக்கொண்டன. மற்ற மூவரிடமும் பேசிப் பார்க்கிறேன் என்று, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இசக்கி இறங்கிப் போனான். தூறிக்கொண்டிருந்தது. பார்க்கிங் சீட்டுப் போடும் பெரியவர் கண்ணாடியைத் தட்டினார். என் ஷூவையும் ஜெர்க்கினையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எந்த ஊர் சார் என்றார். தென்காசி என்றேன். குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"வண்டி தென்காசிதான், தெரியுது. நான் கேட்டது ஒங்கள."

அதற்குள் இசக்கி வந்து ஏறினான். மூன்று கடைக்காரர்களும், புளியறைக்காரனிடம் சொல்லிவிட்டோம், இனி மாற்ற முடியாது என்றார்களாம். என் பக்கம் திரும்பாமலே சாவியைத் திருகினான். வண்டி மறுபேச்சில்லாமல் அவனை ஒப்புக்கொண்டது. இறக்க இடமில்லாத சரக்கு பின்னால் கொஞ்சமும், முன்சீட்டில் நான் ஒன்றுமாகத் தென்காசி ரோட்டில் திரும்பினோம்.