வாட்ச்மேன் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகம்

பேத்தி பிறந்ததிலிருந்து வாட்ச்மேனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய ஆபீஸ் கட்டடத்தின் வாசலில் அவருக்கு வேலை. உள்ளே போகிறவர், வெளியே வருகிறவர் எல்லோரிடமும் போனை நீட்டிப் படம் காட்டினார். அவசரமாக வந்த மேனேஜர்கூட லிஃப்டை விட்டுவிட்டு, குழந்தை கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

இந்த நேரம் பார்த்து மகள் வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போடக் கிளம்பினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த ஆசை. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கரையில் இருப்பதே அபூர்வம். அவர் போனிலேயே சரி சொல்லிவிட்டார்.

மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைப் பார்த்து மூன்று பல்கலைக்கழகங்களைப் பற்றி வாசித்துச் சொன்னாள். ஒன்றில் குழந்தையோடு வருகிறவர்களுக்குத் தனி வீடு உண்டு. இன்னொன்றில் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் காப்பகம் உண்டு. மூன்றாவதுதான் பேர் பெற்ற இடம். ஆனால் விடுதியில் ஆளுக்கு ஒரு அறை, ஒரு கட்டில், அவ்வளவுதான்.

ஒரு கட்டில் என்றதும் வாட்ச்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"படிக்கிறதுன்னு ஆச்சு, பெரிய இடத்துலயே படிம்மா. குட்டியை நாங்க பாத்துக்கிறோம்."

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் ஒதுங்காத மனிதர், அன்றிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தார். அதன் நூலகத்தைப் புகழ்ந்தார், ஆராய்ச்சிக் கூடத்தைப் புகழ்ந்தார். மற்ற இரண்டின் பேச்சை எடுத்தாலே, படத்தில் பார்க்கக் கட்டடம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லையே என்று இழுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். பெண் பிள்ளையின் படிப்பில் இவ்வளவு அக்கறையா என்றார்கள். வாட்ச்மேன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி மட்டும் குழந்தைத் துணியை உதறிக் காயப்போட்டபடி தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவர் மனதுக்குள் போடும் கணக்கு அவளுக்குத் தெரியாதா என்ன?

மகள் மூன்றுக்குமே விண்ணப்பித்தாள். எங்கள் இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மூன்று பேருமே எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் இரண்டுக்கும் எழுதி முடிப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மூன்றாவதற்கு, அப்பா தினமும் சொன்னதையே எழுதி அனுப்பினாள். முதல் இரண்டும் கையை விரித்துவிட்டன. மூன்றாவது வா என்றது.

வாட்ச்மேன் கட்டடம் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இதை விட்டுவிட்டு எப்படிப் போவேன், வரவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்றாள். பேசாமல் இருந்திருந்தால் பேத்தியோடு மகளும் வீட்டிலேயே இருந்திருப்பாள். ஆனால் மகள் அழுதால் வாட்ச்மேனுக்கு மூளை வேலை செய்யாது.

"அவ்வளவு பெரிய இடம்மா. கைக்குழந்தை இருக்குன்னு சொன்னா ஒரு வழி பண்ண மாட்டாங்களா? கேட்டுத்தான் பாரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மகள் அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டாள்.

சீக்கிரமே பதில் வந்தது. இரண்டு தெரு தள்ளிக் குடும்ப வீடுகள் இருக்கின்றனவாம், குழந்தையைத் தாராளமாகக் கூட்டிவரலாமாம். பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவரும் கூட வந்து கொஞ்ச காலம் தங்கலாமாம். வாட்ச்மேன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் ஒரு டயப்பர்கூட மாத்தினதில்லையேப்பா."

மனைவிதான் கூடப் போவது என்று முடிவாயிற்று. விசா நேர்காணலுக்கு மனைவியைத் தயார்படுத்தும் வேலைதான் அவருக்கு மிஞ்சியது. மேஜைக்கு இந்தப் பக்கம் அதிகாரி மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா போறீங்க?"

"பேத்தியைப் பாத்துக்க."

"போனா திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

மனைவி யோசிக்கவே இல்லை. "அடுப்பைப் பத்த வைக்கத் தெரியாத மனுஷன் ஒருத்தரை இங்க விட்டுட்டுப் போறேன் சார். வராம என்ன பண்ணுவேன்?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதைவிட நல்ல பதில் எந்த அதிகாரிக்கும் கிடைக்காது என்பது வாட்ச்மேனுக்கே தெரிந்தது.

"திருப்தியா இல்லை," என்றார். "நாளைக்கு வாங்க."

குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார்.