ஓம் என்ற ஒரே சொல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் கணவருக்குப் பேச்சு நாக்கு நுனியில். லண்டனில் எங்கள் நோர்பரித் தமிழ்க் கடைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போனால், கடைக்காரரோடு உலக அரசியல் முழுவதும் கதைத்து முடித்து, கிழங்கை மறந்துவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனுசன் ஒரு நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையை நழுவவிட்டு, வாய் கோணி, என்னைப் பார்த்தபடியே கதிரையில் சரிந்தார். அம்புலன்ஸ் வந்தது. பக்கவாதம் என்றார்கள்.

மூளையின் இடது பக்கம் போகும் இரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. அதனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பெரும்பாலும் அந்த இடது பக்கத்தில்தானாம். மூன்றாம் நாள் ஒரே ஒரு சொல் வந்தது. "ஓம்." நான் கட்டிலருகே நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுநாள் நான் போவதற்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளர் வந்து பார்த்திருந்தார். இளம் வெள்ளைக்காரப் பெண். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், சென்னைக்காரி. எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை, சாமி பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எழுதிவைத்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

"சாமியோ? இந்த மனுசன் கோயிலுக்குப் போறதே சாப்பாட்டுக்குத்தான். நீங்கள் 'ஆமா' எண்டு சொல்லுறதை நாங்கள் 'ஓம்' எண்டு சொல்லுறனாங்கள், பிள்ளை!"

"ஐயையோ, எனக்குத் தெரியாதும்மா" என்று அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திரும்பவும் கேட்டார்கள். இது உங்கள் மனைவியா? "ஓம்." நான் நிமிர்ந்து நின்றேன். நாம் இருப்பது கொழும்பா? "ஓம்." நீங்கள் ஒரு பெண்ணா? "ஓம்." என் பெருமை போன இடம் தெரியவில்லை.

பயிற்சியாளர் என்னை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கேட்டதை விளங்கிக்கொள்ள மூளையில் ஓரிடம், வாயால் சொல்ல இன்னோரிடம். சொல்லும் இடம் மட்டும் பழுதானால், உள்ளே எல்லாம் விளங்கினாலும் அகப்பட்ட ஒரு சொல்லே எதற்கும் வரும். இரண்டும் பழுதென்றால் விளங்கும் திறனும் போய்விடும். விளங்குகிறது என்று தெரிந்தால் தினமும் பயிற்சி தரும் வார்டில் இடம் கேட்பாராம். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லத்தைத்தான் யோசிக்க வேண்டும் என்றார்.

படங்களைக் காட்டித் தொடச் சொன்னார். இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருசம் என்னோடு சண்டை பிடித்த மனுசன் இனி இல்லையோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இஞ்சாருங்கோ, ஒண்டும் விளங்கேல்லை எண்டால் நான் ஏன் இஞ்சை நிக்கிறன்? நான் போறன்!" என்று பையைத் தூக்கினேன்.

இடது கை வந்து என் கோட்டைப் பிடித்தது. கண்ணை உருட்டி முழித்தார், அதே பழைய முழிப்பு. "வா... வா..." என்று திக்கித் திணறி, கடைசியில் "வாறன்!" என்று அதட்டினார்.

என்ன சொல்கிறார், உங்களைக் கூப்பிடுகிறாரா என்று பயிற்சியாளர் கேட்டார். நான் பையைக் கீழே வைத்தேன். கலியாணமான நாளிலிருந்து 'போறன்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை ஏச்சு வாங்கியிருப்பேன்! சென்னைப் பெண்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். போகிறேன் என்று சொல்லிவிட்டு நாங்கள் யாரும் கிளம்பமாட்டோம், அபசகுனம். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க வீட்லயும் இப்படித்தாம்மா. நீங்க தப்பா சொல்லிட்டீங்க, ஐயா திருத்துறாரு" என்றாள்.

பயிற்சியாளர் அந்த இடத்திலேயே புதிய குறிப்பு எழுதினார். அதை வைத்துத்தான் நாலு நாள் கழித்துப் பயிற்சி வார்டில் இடம் கிடைத்தது.

குறிப்பு எழுதிய அன்று பின்னேரம் புறப்படும்போது குனிந்து அவர் காதருகே சொன்னேன்.

"நான் போட்டு வாறன்."

"ஓம்" என்றார்.

அதுவும் சும்மா வாயில் வந்த ஓமாக இருக்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லக்கூடும். சொல்லட்டும். மறுபடியும் என் கோட்டைப் பிடித்திருந்த அவர் கையை நான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.