வால் நறுக்கிய தையல்காரர்

வயரம்மா இதுவரை நாற்பது பாய்மரப் படகுகளுக்கு வயர் இழுத்திருக்கிறார், ஒன்றில்கூட ஏறியதில்லை. தண்ணீர் ஆடினாலே அவருக்கு வயிற்றைப் புரட்டும். தொழிலுக்கு அதனால் குறைவில்லை. பாய்மரத்தைக் கழற்றித் தரையில் கிடத்திய பிறகுதான் அவர் வேலையே தொடங்கும்.

பாய்மரம் என்பது நீண்ட அலுமினியக் குழாய். உச்சி விளக்குக்கான வயர் அதற்குள் ஓடுகிறது. பிடிப்பில்லாமல் விட்டால், படகு அசையும்போதெல்லாம் குழாயில் மோதிச் சத்தம் போட்டு உயிரை வாங்கும். போன முறை வயரம்மா உள்ளே நுரைத்துண்டுகளைத் திணித்தார். எல்லாம் நழுவி அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. படகுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அந்தச் சத்தத்தில் படகில் படுக்க முடியாமல் மூன்று மாதமாகக் கரையில்தான் தூங்குகிறார்.

"இந்தத் தடவையும் தட்டுச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று பட்டறை முதலாளி சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு, பாய்மரத்தைத் தூக்கிப் படகில் நிறுத்த, கிரேன் வரும்.

இம்முறை வேறு வைத்தியம். முழத்துக்கு மூன்று பிளாஸ்டிக் டைகளை, அதாவது வயர் கட்டும் பட்டைகளை, வயரில் இறுக்கி, மிஞ்சும் வால்களை நறுக்காமல் மூன்று பக்கமும் விறைப்பாக விட வேண்டும். அவை குழாய்ச்சுவரை முட்டிக்கொண்டு வயரை நடுவில் நிறுத்தும். ஒத்தாசைக்கு வந்தவர் கணவர். தையல்காரர், அன்று கடை விடுமுறை. எல்லா டைகளையும் கட்டி முடித்து, கிரேன்காரரோடு போனில் பேச வாசல்வரை போய்வந்த வயரம்மா திகைத்து நின்றார். தரையெங்கும் வால்கள். வயர் வழவழவென்று கிடந்தது.

"என்னங்க இது?"

"பிசிறு தொங்குச்சு, நறுக்கிட்டேன். இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"நாசமாப் போச்சு. அந்தப் பிசிறுதாங்க வேலையே!"

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? இருபது வருஷமா பிசிறு வெட்டித்தான் சோறு போடறேன்."

"இன்னிக்கு என் சோத்தையும் சேத்து வெட்டிட்டீங்க."

மனுஷர் புது டைகள் இருந்த பெட்டியைப் பிரித்து, இஞ்சுடேப்பால் அளந்து, சாக்கட்டியால் குறியிட்டுக் கட்டினார். கெடுத்த கை வயரம்மாவின் கையைவிட வேகமாக ஓடியது. இரண்டரை மணிக்கு அவர் அடியிலிருந்து வயரைத் தள்ள, வயரம்மா உச்சியிலிருந்து கயிற்றால் இழுத்தார்.

பட்டறை ஆட்கள் நான்கு பேர் பாய்மரத்தை உலுக்கினார்கள். பார்க்க வந்திருந்த வாத்தியார் குழாயில் காதை ஒட்டவைத்துக் கேட்டார்.

"ஒண்ணுமே கேக்கலையே. உள்ள வயர் இருக்கா?"

வயரம்மா அடிமுனையை பேட்டரியில் தொட்டார். உச்சி விளக்கு எரிந்தது.

"அடுத்த படகு திங்கக்கெழம வருது" என்றார் முதலாளி. "இவரையும் கூட்டிட்டு வாங்க."

வாத்தியாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "இன்னொரு தடவ ஆட்டுங்க" என்று மறுபடி குனிந்தார்.

"காதை எடுங்க சார்" என்றார் கிரேன்காரர். "தூக்கணும்."